நகரப் பொதுப் பல்கலைக்கழகம் என்றால் என்ன? சிகாகோ வளாகத்தின் வரலாறு வழியாக ஓர் எளிய விளக்கம்

சிகாகோவில், பெயரைக் கேட்ட அளவில் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளத்தக்க இரண்டு பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஒன்று, தமிழ் உள்ளிட்ட தெற்காசிய மொழிகளின் ஆய்வுக்காக நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்கும் சிகாகோ பல்கலைக்கழகம். 1890இல் நிறுவப்பட்ட தனியார் நிறுவனமான அது, ஹைட் பார்க் பகுதியில் கோத்திக் பாணிக் கற்கட்டடங்களோடு நிற்கிறது. மற்றொன்று இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாகம். மாநில அரசுக்குச் சொந்தமான இது, நகரின் வணிக மையமான லூப் பகுதிக்குத் தென்மேற்கே, விரைவுச்சாலைகள் கூடும் முனையை ஒட்டி அமைந்திருக்கிறது. இரண்டுமே நகருக்குள் இருந்தாலும், நகரப் பொதுப் பல்கலைக்கழகம் என்னும் வகைக்கு எடுத்துக்காட்டாக வைக்கத்தக்கது இரண்டாவதுதான். அந்த வகை என்ன என்பதையும், அது நகர மையத்தில் இடம் பிடிக்க எவ்வளவு பாடுபட்டது, யாரிடமிருந்து இடத்தைப் பெற்றது என்பதையும் சொல்வதே இக்கட்டுரை.

ஒரு பல்கலைக்கழகம் நகரத்தில் இருப்பதாலேயே நகரப் பல்கலைக்கழகம் ஆகிவிடுவதில்லை. அங்கே யார் படிக்க வருகிறார்கள், எப்படி வருகிறார்கள் என்பதே அதை முடிவு செய்கிறது. ஊரைவிட்டு வந்து விடுதியில் தங்கி, நான்கு ஆண்டுகள் வளாகத்துக்குள்ளேயே வாழ்ந்து பட்டம் பெற்றுப் போகிறவர்களுக்காக எழுந்தவை ஒரு வகை. காலையில் வீட்டிலிருந்து ரயிலிலோ பேருந்திலோ வந்து, வகுப்பு முடிந்ததும் வேலைக்கோ வீட்டுக்கோ திரும்புகிறவர்களுக்காக எழுந்தவை மற்றொரு வகை. இரண்டாம் வகை மாணவருக்குக் கல்விக் கட்டணத்தைப் போலவே பயண நேரமும் ஒரு செலவுதான். ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர முடியாத கல்லூரி, அவரைப் பொறுத்தவரை இல்லாத கல்லூரிக்குச் சமம். பொது என்னும் சொல் இதனோடு சேரும்போது, மாநில மக்களின் வரிப்பணத்தில் நடப்பதும், அம்மாநிலத்தவருக்குக் குறைந்த கட்டணத்தில் இடம் தருவதும் அதன் கடமையாகின்றன.

அமெரிக்காவில் இத்தகைய நிறுவனங்கள் புதியன அல்ல. நியூயார்க் நகரின் சிட்டி கல்லூரி 1847இல் கட்டணமில்லாக் கல்விக்கூடமாகத் தொடங்கப்பட்டு, ஏழைக் குடியேறிகளின் பிள்ளைகளை ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டுகள் கட்டணம் வாங்காமலே படிக்க வைத்தது. ஆயினும் மாநிலப் பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை வரலாறு பெரும்பாலும் வேறு திசையில் போயிற்று. 1862இல் நிறைவேறிய மோரில் சட்டம், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் இரு அவைகளிலும் ஒரு மாநிலத்துக்கு எத்தனை உறுப்பினர்கள் உண்டோ அத்தனை முப்பதாயிரம் ஏக்கர் நிலத்தை அம்மாநிலத்துக்கு வழங்கி, அதை விற்ற பணத்தில் வேளாண்மையும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகளை நிறுவச் சொன்னது. நிலக்கொடைப் பல்கலைக்கழகங்கள் என்று இவற்றை அழைப்பர். அந்தக் கொடை நிலம் பெருமளவும் பூர்வகுடி மக்களிடமிருந்து பெறப்பட்டது என்பதை இங்கே குறித்துக்கொள்வது நல்லது, ஏனெனில் ஒருவருடைய கல்விக்காக இன்னொருவருடைய நிலம் கைமாறுவது இந்த வரலாற்றில் அத்தோடு முடிந்துவிடவில்லை.

இல்லினாய்ஸ் மாநிலம் தன் நிலக்கொடைப் பல்கலைக்கழகத்தை 1867இல் அர்பானாவில் நிறுவியது. வேளாண்மைக் கல்விக்குச் சோள வயல்கள் சூழ்ந்த சிற்றூர் பொருத்தமான இடம்தான். ஆனால் அது சிகாகோவிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் இருந்தது. 1950ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சிகாகோவின் மக்கள்தொகை 36 லட்சம். நாட்டிலேயே இரண்டாவது பெரிய நகரம் அது. மாநிலப் பல்கலைக்கழகத்தின் மருந்தியல், மருத்துவம், பல் மருத்துவக் கல்லூரிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தும் நகரின் மேற்குப் பகுதியில் இயங்கிவந்தன. ஆனால் கலை, அறிவியல், பொறியியல் ஆகியவற்றில் மாநிலப் பல்கலைக்கழகத்தின் இளங்கலைப் பட்டம் பெற விரும்பிய தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு, அர்பானா சென்று தங்குவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. தங்குவதற்குப் பணமில்லாதவர் தனியார் கல்லூரிகளின் மாலை வகுப்புகளை நாடினார், இல்லையேல் படிப்பை விட்டார்.

இந்த நிலையை மாற்றியது போர். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பும் வீரர்களின் கல்விச் செலவை அரசே ஏற்கும் சட்டம் 1944இல் வந்தது. படிக்க விரும்பியவர்களின் எண்ணிக்கை திடீரென்று பெருகவே, அர்பானாவில் அத்தனை பேருக்கும் இடம் போதவில்லை. அவசரத் தீர்வாகப் பல்கலைக்கழகம் கண்டுபிடித்த இடம் வியப்புக்குரியது. மிச்சிகன் ஏரிக்குள் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு நீண்டிருக்கும் நேவி பியர் என்னும் படகுத்துறை 1916இல் சரக்குப் போக்குவரத்துக்கும் பொழுதுபோக்குக்குமாகத் திறக்கப்பட்டு, போர்க்காலத்தில் கடற்படையின் பயிற்சிக்கூடமாகப் பயன்பட்டுவந்தது. கடற்படை காலி செய்த அக்கட்டடத்தில் 1946 அக்டோபரில் பல்கலைக்கழகத்தின் சிகாகோ இளங்கலைப் பிரிவு தொடங்கியது. முதல் ஆண்டில் சேர்ந்த ஏறத்தாழ 4,000 பேரில் மிகப் பெரும்பாலோர் போரிலிருந்து திரும்பியவர்கள். தலைமுடியில் இன்னும் படைத்தோற்றம் மாறாத முப்பது வயதுக்காரர்கள், பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் பக்கத்தில் அமர்ந்து கணிதம் கற்றார்கள்.

அந்த இடத்தைக் கற்பனை செய்து பார்க்க ஒரு நீண்ட கிடங்கை நினைத்துக்கொண்டால் போதும். ஒரே நேர்க்கோட்டில் முடிவில்லாமல் ஓடும் நடைவழியின் இரு பக்கமும் வகுப்பறைகள் இருந்தன. ஒரு வகுப்பு ஒரு முனையிலும் அடுத்தது மறுமுனையிலும் அமைந்துவிட்டால் மாணவர் ஏறக்குறைய ஓடவேண்டியிருந்தது. குளிர்காலத்தில் ஏரிக்காற்று சுவர்களைப் பொருட்படுத்தவில்லை. மாணவர்கள் அதற்குப் பாறைமேல் ஹார்வர்ட் என்று கேலிப்பெயர் வைத்தார்கள். பனிக்கட்டிமேல் ஊற்றித் தரும் மதுவைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரையும், படகுத்துறையைச் சுற்றிக் கிடந்த ஏரிக்கரைப் பாறைகளையும் ஒருசேரச் சுட்டும் சிலேடை அது. கேலியில் பெருமையும் கலந்திருந்தது என்றே நினைக்கிறேன், ஏனெனில் ஹார்வர்டுக்குப் போக முடியாதவர்கள்தான் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டார்கள்.

ஆனால் நேவி பியரில் முதலிரண்டு ஆண்டுப் பாடங்கள் மட்டுமே நடந்தன. மூன்றாம் ஆண்டுக்கு அர்பானாவுக்கோ வேறு கல்லூரிக்கோ மாறியாக வேண்டும். போர்வீரர் அலை ஓய்ந்ததும் இப்பிரிவு தேவைப்படாது என்று கருதியவர்கள் இருந்தார்கள். நிதி சிகாகோவுக்குத் திரும்பிவிடுமோ என்ற கவலை அர்பானா பக்கத்தில் இருந்தது. குறைந்த கட்டணப் போட்டி வந்துவிடும் என்று நகரின் தனியார் கல்லூரிகளும் அஞ்சின. தற்காலிகம் என்று சொல்லித் தொடங்கப்பட்ட இடத்தில் பல்கலைக்கழகம் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. நிலையான நான்காண்டு வளாகம் வேண்டும் என்று மாணவர்களும் பெற்றோரும் விடாமல் கேட்டதே அதை உயிரோடு வைத்திருந்தது.

1955இல் மேயரான ரிச்சர்ட் ஜே. டேலி இக்கோரிக்கையைத் தன்னுடையதாக்கிக்கொண்டார். பகலில் வேலை பார்த்து, இரவு வகுப்புகளில் சட்டம் படித்துப் பட்டம் பெற்றவர் அவர். ஆகவே இந்த மாணவர்களின் வாழ்க்கை அவருக்குக் கேள்வி ஞானம் அன்று. எனினும் அவருக்கு வேறொரு கணக்கும் இருந்தது. புறநகர்களுக்குக் குடிபெயர்வு பெருகி நகர மையம் தளர்ந்துவந்த காலம் அது. லூப் பகுதியின் ஓரத்தில் ஒரு பெரிய பல்கலைக்கழகம் அமைந்தால், சுற்றியுள்ள வணிகமும் நிலமதிப்பும் காக்கப்படும் என்று நகரின் வணிகத் தலைவர்களும் அவரும் எண்ணினார்கள். நகரமையப் பல்கலைக்கழகம் ஒன்றைப் பற்றிப் படிக்கும்போது தொடக்கநிலை வாசகர் நினைவில் வைக்க வேண்டியது இதுதான்: வளாகத்துக்கு இடம் தேர்வதில் மாணவரின் வசதி ஒரு காரணமாக இருக்கும், நகரத்தின் நிலக்கணக்கு மற்றொரு காரணமாக இருக்கும். இரண்டும் ஒத்துப்போகும்போது வேலை வேகமாக நடக்கும். யாருக்கு இழப்பு என்று கேட்க நேரமிருக்காது.

எங்கே கட்டுவது என்னும் கேள்வி பல ஆண்டுகள் இழுத்தது. புறநகர்ப் புல்வெளி, ஏரியை ஒட்டிய தீவு, லூப் பகுதிக்குத் தெற்கே பாதி பயனற்றுக் கிடந்த ரயில் முனையங்களின் நிலம் என்று பல இடங்கள் பேசப்பட்டன. ரயில் நிலம்தான் எல்லோருக்கும் பிடித்திருந்தது, அங்கே யாரும் குடியிருக்கவில்லை. ஆனால் ரயில் நிறுவனங்கள் தங்கள் முனையங்களை ஒன்றாக்கி நிலத்தை விட்டுத்தர உடன்படவில்லை. மேற்குப் பகுதியிலுள்ள கார்ஃபீல்ட் பூங்காவைச் சுற்றி வாழ்ந்தவர்களோ, வளாகம் எங்கள் பக்கம் வரட்டும் என்று வெளிப்படையாகவே கேட்டார்கள். பூங்கா நிலத்தைக் கைமாற்றுவதில் சட்டச் சிக்கல்கள் எழுந்தன. வேண்டும் என்று கேட்டவர்களுக்குக் கிடைக்காமல், 1961இல் அது கேட்காதவர்களின் வாசலுக்குப் போனது.

அந்த வாசல் ஹாரிசன் தெருவும் ஹால்ஸ்டெட் தெருவும் கூடும் பகுதி. இத்தாலியர், கிரேக்கர், மெக்சிகர் எனக் குடியேறிய சமூகங்கள் அடுத்தடுத்து வாழ்ந்த இடம் அது. 1889இல் ஜேன் ஆடம்ஸும் எல்லன் கேட்ஸ் ஸ்டாரும் தொடங்கிய ஹல் ஹவுஸ் அங்கேதான் இருந்தது. குடியேறிகளுக்கு மொழி வகுப்பு, குழந்தைகள் காப்பகம், நாடகம், தொழிலாளர் நலன் எனப் பல பணிகளை ஒரே கூரையின்கீழ்த் தொடங்கி, பின்னர் பதின்மூன்று கட்டடங்களாக விரிந்த சமூக நிலையம் அது. ஆடம்ஸுக்கு 1931இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. படித்தவர்கள் ஏழைகளின் தெருவிலேயே குடியேறி வாழ்ந்து அவர்களோடு சேர்ந்து கற்கவேண்டும் என்பது ஹல் ஹவுஸின் கொள்கை. ஒரு பொதுப் பல்கலைக்கழகம் நகரத்துக்கு என்ன செய்யவேண்டும் என்று பின்னாளில் பேசப்பட்டவற்றில் பாதியை, பல்கலைக்கழகம் வருவதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே அவ்விடம் செய்துகொண்டிருந்தது.

அங்கிருந்தவர்களைப் பெரிதும் புண்படுத்தியது இடிப்பு மட்டுமன்று. 1949ஆம் ஆண்டின் கூட்டரசு வீட்டுவசதிச் சட்டத்தின்கீழ் அப்பகுதி ஏற்கெனவே புதுப்பிப்புக்கென அறிவிக்கப்பட்டிருந்தது. பழைய வீடுகள் போய்ப் புதிய வீடுகள் வரும் என்னும் நம்பிக்கையோடு குடியிருப்போரே அத்திட்டத்துக்கு ஒத்துழைத்திருந்தார்கள். நிலம் கையகப்படுத்தும் அதிகாரமும் கூட்டரசுப் பணமும் தயாராக இருந்த காரணத்தாலேயே, வேறெங்கும் கிடைக்காத நிலம் இங்கே எளிதாகக் கிடைத்தது. வீடு வரும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு வெளியேறும் அறிவிப்பு வந்தது. ஏறத்தாழ 8,000 பேர் இடம்பெயர நேர்ந்தது. நூற்றுக்கணக்கான கடைகள் மூடப்பட்டன.

எதிர்ப்புக்குத் தலைமை ஏற்றவர் ஃபுளோரன்ஸ் ஸ்காலா. இத்தாலியத் தையற்காரர் ஒருவரின் மகளான அவர், சிறுமியாக ஹல் ஹவுஸுக்குப் போய்வந்து வளர்ந்தவர். அதுவரை பொதுமேடை அறியாத பெண்கள் அவரோடு சேர்ந்து ஊர்வலம் போனார்கள், மேயரின் அலுவலகத்துக்குள் அமர்ந்து மறியல் செய்தார்கள், வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை சென்று 1963இல் தோல்வியில் முடிந்தது. ஹல் ஹவுஸின் நிர்வாகக் குழுவும் இழப்பீட்டை ஏற்றுக்கொண்டு இடத்தைவிட்டு வெளியேறச் சம்மதித்தது. ஸ்காலா போன்றவர்களுக்கு மேயரின் முடிவைவிட அதுவே ஆறாத வடுவாக இருந்தது. பதின்மூன்று கட்டடங்களில் 1856இல் கட்டப்பட்ட மூல மாளிகையும், இடம் மாற்றி வைக்கப்பட்ட உணவுக்கூடமும் மட்டுமே எஞ்சின. இன்று அவை பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகமாக இருக்கின்றன.

ஏறத்தாழ நூறு ஏக்கர் நிலத்தில் புதிய வளாகம் எழுந்தது. 1965 பிப்ரவரியில் வகுப்புகள் தொடங்கின. வடிவமைத்தவர், ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்ட் மெரில் நிறுவனத்தின் கட்டடக் கலைஞர் வால்டர் நெட்ச். பக்கத்தில் மூன்று விரைவுச்சாலைகள் கூடும் வட்டச் சந்திப்பின் பெயரையே வளாகத்துக்கும் வைத்து சிகாகோ சர்க்கிள் என்றார்கள். ஒரு பல்கலைக்கழகம் சாலைச் சந்திப்பின் பெயரைத் தாங்குவது வேடிக்கையாகத் தோன்றலாம். அந்த வளாகத்தின் முழுத் தத்துவமும் அப்பெயரில் இருந்தது. மாணவர் காரிலோ ரயிலிலோ வருவார், திரும்பிப் போவார்; தங்கமாட்டார். ஆகவே விடுதிகள் கட்டப்படவில்லை. விரைவுச்சாலையின் நடுவிலேயே ஓடும் நகர ரயிலின் நிலையத்திலிருந்து நேராக வளாகத்தின் மையத்துக்கு நடந்து வரலாம்.

நெட்ச் சிந்தித்த விதம் உண்மையிலேயே புதுமையானது. வழக்கமான வளாகங்களில் வேதியியலுக்கு ஒரு கட்டடம், வரலாற்றுக்கு ஒரு கட்டடம் என்று துறைவாரியாகப் பிரிப்பார்கள். அவரோ செயல்வாரியாகப் பிரித்தார். எல்லாத் துறை மாணவரும் கூடும் விரிவுரை அரங்குகள் நடுவில் அமைந்தன. அவற்றைச் சுற்றி வகுப்பறைகளும், அவற்றுக்கு வெளியே ஆய்வுக்கூடங்களும் இருந்தன. குளத்தில் விழுந்த கல்லிலிருந்து அலைகள் விரிவதை அவர் உவமையாகச் சொன்னார். நடு அரங்குகளின் கூரைமேலேயே, பழைய கிரேக்க நகரங்களின் பொதுவெளியைப்போல் பெருமுற்றம் ஒன்று அமைந்தது. அதிலிருந்து நான்கு திசைகளிலும் கருங்கல் பலகைகள் பதித்த உயர்நிலை நடைபாலங்கள் புறப்பட்டு, ஒவ்வொரு கட்டடத்தின் இரண்டாம் தளத்தையும் தொட்டன. அலுவலகங்களுக்கென 28 மாடிக் கோபுரம் எழுந்தது. மேலே போகப்போக அகன்றுகொண்டு செல்லும் அக்கோபுரம் இன்றும் தொலைவிலிருந்தே தெரியும். பூச்சில்லாத கான்கிரீட்டை அப்படியே காட்டும் புரூட்டலிசப் பாணி அது. அழகா, அழகில்லையா என்று ஊர் இன்னும் வாதாடுகிறது. எனக்குக் கோபுரம் பிடிக்கும், அதன் கீழ்ப்பகுதியின் இருட்டு பிடிக்காது.

மாணவர்களின் நடமாட்டத்தைப் போக்குவரத்துப் பொறியாளரைப்போல் கணக்கிட்ட அவ்வடிவமைப்பு, அவர்கள் நிற்கவும் விரும்புவார்கள் என்பதைப் போதுமான அளவு எண்ணவில்லை. சிகாகோவின் பனிக்காலத்தில் உயர்நிலைப் பாலங்களில் காற்று அறைந்தது, கல் வழுக்கியது. பனியை உருக்கத் தூவிய உப்பும் நீர்க்கசிவும் கான்கிரீட்டை அரித்தன. பாலங்களுக்கு அடியில் வெளிச்சமில்லாத நிழல்வெளிகள் உருவாகி, மாலை வகுப்பு முடிந்து போகிறவர்களுக்கு அச்சம் தந்தன. இறுதியில், 1990களின் முற்பகுதியில், நடைபாலங்களையும் பெருமுற்றத்தையும் இடித்து அகற்றிவிட்டுத் தரைமட்டத்தில் மரங்களும் நடைபாதைகளும் அமைத்தார்கள். கட்டி முப்பது ஆண்டுகள்கூட ஆகவில்லை. விடுதிகளும் பின்னர் வந்தன.

பெயரும் மாறியது. 1982இல் சர்க்கிள் வளாகமும், மேற்கே ஒன்றரைக் கிலோமீட்டர் அளவில் இருந்த மருத்துவ வளாகமும் ஒன்றாக்கப்பட்டு, இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாகம் என்னும் பெயர் வந்தது. மருத்துவ ஆராய்ச்சியின் வலுவும் பெரும் எண்ணிக்கையிலான நகர மாணவர்களும் ஒரே நிறுவனத்தில் சேர்ந்தபோதுதான் அது முழுமையான ஆராய்ச்சிப் பல்கலைக்கழகமாயிற்று. பெயர் கொடுத்த சாலைச் சந்திப்பும் 2014இல் முன்னாள் மேயர் ஜேன் பைர்னின் பெயரைப் பெற்றுவிட்டது.

இதற்கிடையே கருத்துலகிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்திருந்தது. நிலக்கொடைப் பல்கலைக்கழகம் உழவருக்குச் செய்ததை நகரக்கொடைப் பல்கலைக்கழகம் நகரவாசிக்குச் செய்யவேண்டும் என்று கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத் தலைவராக இருந்த கிளார்க் கெர் 1967இல் முன்மொழிந்தார். பள்ளிகள், வீட்டுவசதி, பொதுச் சுகாதாரம், போக்குவரத்து ஆகியவற்றைப் பல்கலைக்கழகம் தன் ஆய்வுப்பொருளாகக் கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். அவ்வகையில் சிகாகோ வளாகம் 1993இல், பெருநகரங்கள் என்னும் பெயரிட்ட திட்டத்தைத் தொடங்கி, நகரச் சிக்கல்களுக்கான ஆய்வைத் தன் அடையாளமாக அறிவித்துக்கொண்டது.

அதே பத்தாண்டில் வளாகத்தின் தெற்கே என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் படம் முழுமையாகும். யூதக் குடியேறிகளின் தள்ளுவண்டிகளில் தொடங்கி, பிற்காலத்தில் தென்மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பின இசைஞர்கள் மின்கிதாரோடு தெருவில் வாசித்துச் சிகாகோ புளூஸ் இசைக்குத் தொட்டில் கட்டிய மாக்ஸ்வெல் தெருச் சந்தை அங்கே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய டயர் முதல் பொரித்த வெங்காயம் மணக்கும் தொத்திறைச்சி வரை எல்லாம் அங்கே கிடைத்தது. வளாக விரிவாக்கத்துக்காக 1994இல் சந்தை அருகிலுள்ள கெனால் தெருவுக்கு மாற்றப்பட்டது. பழைய கட்டடங்கள் பெரும்பாலும் இடிக்கப்பட்டு, சிலவற்றின் முகப்புகள் மட்டும் புதிய கட்டடங்களின் முன்னால் ஒட்டவைக்கப்பட்டன. நகரத்தை ஆய்வதாக அறிவித்த நிறுவனம், தன் பக்கத்துத் தெருவை வெறும் முகப்பாகப் பாதுகாத்தது என்று விமர்சகர்கள் கூறியதை மறுப்பது கடினம்.

ஆனால் வெளியேற்றத்தை மட்டும் வைத்து இவ்வரலாற்றை எழுதிவிடுவதும் நேர்மையாகாது. இன்று 33,000க்கும் மேற்பட்டோர் அங்கே படிக்கிறார்கள். லத்தீன் அமெரிக்க வம்சாவளி மாணவரும் ஆசிய வம்சாவளி மாணவரும் பெரும் பங்கினர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருவோர் ஏராளம். 2019இல் லூப் பகுதியிலிருந்த தனியார் சட்டக் கல்லூரி ஒன்று பல்கலைக்கழகத்தோடு இணைந்தபோது, சிகாகோவுக்கு முதன்முறையாக ஒரு பொதுச் சட்டக் கல்லூரி கிடைத்தது. பகலில் வேலை பார்த்து இரவில் தனியார் கல்லூரியில் சட்டம் படித்த மேயர் இறந்து நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தது.

வழக்கில் தோற்ற ஃபுளோரன்ஸ் ஸ்காலா அப்பகுதியைவிட்டுப் போகவில்லை. வளாகத்தின் ஓரத்தில், டெய்லர் தெருவில், தந்தையின் தையற்கடை இருந்த குடும்பக் கட்டடம் இடிப்பிலிருந்து தப்பியிருந்தது. 1980களில் அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் தன் பெயரில் ஓர் உணவகம் நடத்தினார். 2007இல் அவர் இறக்கும்வரை, 28 மாடிக் கோபுரம் எட்டிப்பார்க்கும் அந்தத் தெருவே அவருடைய முகவரியாக இருந்தது.